கூலன்ட் எங்கே போகிறது, கியர் ஏன் முரண்டு பிடிக்கிறது: பழைய கார் கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எப்போதாவது தலைகாட்டிவிட்டு மறையும் கோளாறுகள். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் மட்டும் வண்டி சமர்த்தாக இருக்கும். இவற்றுக்கு ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் தகவல் வேண்டும்: இன்ஜின் ஆறியிருக்கும்போதா, சூடான பிறகா, ஏற்றத்திலா, நிறுத்தி வைத்த பிறகா? இன்னொன்று, ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொல்லும் இடமெல்லாம் காலையில், முழுக்க ஆறிய வண்டியில்தான்.

கேள்வி: சார், 2009 மாடல் பெட்ரோல் கார். ஒரு வாரம் கூலன்ட் அப்படியே இருக்கிறது, அடுத்த வாரம் அரை லிட்டர் காணோம். தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேலே மூடியுள்ள ஹெட்டுக்கும் நடுவிலுள்ள சீல்) போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா? (தாம்பரம்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தரையில் சொட்டவில்லை என்பதால் வெளியே லீக் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஓடும்போது சூடான இன்ஜின் மேல் கசிகிற கூலன்ட் அங்கேயே ஆவியாகிவிடும். தடம் மட்டும் மிச்சமிருக்கும். டார்ச் எடுத்துப் பாருங்கள். ஹோஸ் கிளிப் ஓரம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோடு சேரும் மடிப்பு, வாட்டர் பம்ப்புக்கு அடியில் இருக்கும் சின்னத் துளை, இந்த மூன்று இடங்களிலும் வெள்ளையாகவோ கூலன்டின் நிறத்திலோ உப்புப் பூத்த மாதிரி படிந்திருந்தால் அதுதான் இடம். பம்ப்பில் அந்தத் துளையை வைத்திருப்பதே உள் சீல் தேய்ந்தால் காட்டிக்கொடுக்கத்தான். அதை எம்-சீல் வைத்து அடைத்த வண்டியையும் பார்த்திருக்கிறேன்!

அடுத்தது மூடி. இருப்பதிலேயே மலிவான பொருள், கடைசியில்தான் சந்தேகப்படுவார்கள். அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும். அது தாங்கும் பிரஷர். வெறும் தண்ணீர்கூட 0.9 பார் அழுத்தத்தில் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்தால் அதற்கு முன்பே கொதித்து, ரிசர்வ் பாட்டில் வழியாக வெளியே போய்விடும். நெடுஞ்சாலையில் ஏசி போட்டு ஓட்டிய வாரம் குறையும், உள்ளூரிலேயே சுற்றிய வாரம் குறையாது. உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். மூடியில் இன்னொரு குட்டி வால்வு உண்டு. இன்ஜின் ஆறும்போது பாட்டிலிலிருந்து கூலன்டைத் திரும்ப உள்ளே இழுப்பது அதன் வழியாகத்தான். அது சிக்கிக்கொண்டால் பாட்டில் நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் மட்டும் குறையும், மேல் ஹோஸ் காலையில் சப்பையாகக் கிடக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் பிரஷர் டெஸ்ட். மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்ப்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவு வரை ஏற்றி, கால் மணி நேரம் முள்ளைக் கவனிக்க வேண்டும். ஒருமுறை ஆறிய வண்டியில், ஒருமுறை சூட்டில் (இதை ஒர்க்‌ஷாப்பில்தான் செய்ய வேண்டும்). திருகுக் கிளிப் சில நேரம் ஆறியபோது மட்டும் கசியும். பிளாஸ்டிக் டேங்க்கின் மயிரிழை விரிசல் சூட்டில்தான் வாய் திறக்கும். முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் அப்போது ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். அதற்கும் ஒரு நீல நிறத் திரவ டெஸ்ட் உண்டு. ரேடியேட்டர் வாயில் வைத்து உள்ளேயுள்ள காற்றை அதன் வழியே உறிஞ்சினால், இன்ஜின் புகை கலந்திருக்கும் பட்சத்தில் மஞ்சளாகிவிடும். அது மஞ்சளானால் ஹெட்டைக் கழற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணே, நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். சரிதானா? (விருதுநகர்)

பதில்: தப்பு தம்பி. அது வெயிலுக்கான சமாசாரம் இல்லை. இன்ஜின் பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குச் சூடேறும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் வைத்திருப்பதுதான் அதன் வேலை. அது இல்லாவிட்டால் இன்ஜின் ஆறியே இருக்கிறது என்று நினைத்து இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலை அதிகம் ஊற்றும், மைலேஜ் விழும். புதிதாக வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: இடது பக்கம் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் அடிக்கடி நனைகிறது. ஏசி தண்ணீர் என்கிறார்கள். ஆனால் குளிருக்கு ஹீட்டர் போட்டாலும் நனைகிறது, கண்ணாடியிலும் பனி படிகிறது. (கோத்தகிரி)

பதில்: விரலால் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். ஏசி தண்ணீருக்குப் பிசுபிசுப்பு கிடையாது. வழவழப்பும் இனிப்பு வாசனையும் இருந்தால் அது கூலன்ட், ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர்) ஓட்டை. டேஷ்போர்டைக் கழற்றும் பெரிய வேலை அது. கோர் வரும்வரை வண்டி ஓட வேண்டுமென்றால், இன்ஜின் பக்கம் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்துவிடச் சொல்லுங்கள். ஹீட்டர் வராது, மற்றபடி ஓடும். கூலன்ட் நச்சு, குழந்தைகளும் நாயும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலையில் செகண்ட் கியர் போட்டால் 'கர்ர்' என்கிறது. பத்து நிமிஷத்தில் சரியாகிவிடுகிறது. ரிவர்ஸும் சில நாள் அப்படித்தான். கியர்பாக்ஸை இறக்க வேண்டுமா? (மதுரை)

பதில்: இரண்டு தனித்தனிக் கோளாறா, ஒன்றேதானா என்பதை முதலில் பிரிப்போம். இன்ஜின் ஐடிலில் இருக்க, கிளட்ச்சை முழுதாக மிதித்து ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான பழைய கார்களில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோ (கியர் விழுமுன் இரண்டு பக்கச் சுழற்சியையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் அமைப்பு) கிடையாது. அதனால் உள்ளே சுழற்சி நின்றிருந்தால்தான் சத்தமில்லாமல் விழும். ஐந்து விநாடிக்குப் பிறகும் கத்தினால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். கேபிள், அல்லது ஹைட்ராலிக்காக இருந்தால் சிலிண்டரும் அதிலுள்ள காற்றும், அங்கே பாருங்கள். கியர்பாக்ஸைத் தொட வேண்டாம். இன்ஜினை அணைத்தாலும் கியர் விழச் சிரமமாக இருந்தால் லிங்க்கேஜ் (கியர் லீவரைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் பகுதி) பக்கம் போங்கள்.

ரிவர்ஸ் அமைதியாக விழுந்து செகண்ட் மட்டும் கத்தினால் சின்க்ரோ ரிங்கும் ஆயிலும். ஆயிலை வடித்துப் பாருங்கள். டிரெய்ன் பிளக்கின் காந்தத்தில் கரும்பசை போல மெல்லிய தூள் இருந்தால் வயதுக்கு அது சகஜம். ஆயிலில் பித்தளை மினுமினுப்பு தெரிந்தால் ரிங் தேய்கிறது. உடைந்த இரும்புச் சில்லு வந்தால் பேசாமல் இறக்கிவிடுங்கள். புது ஆயில் வாங்கும்போது கையேட்டில் ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தரக் குறியீடு) என்றிருந்தால் அதையே வாங்குங்கள். ஜிஎல்-5 உசத்தி என்று கடையில் தள்ளிவிடுவார்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சில பித்தளை ரிங்குகளுக்கு ஆகாது, வழுக்கும் தன்மையால் சின்க்ரோவும் சரியாகப் பிடிக்காது.

கேள்வி: 2006 மாடல் ஆட்டோமேட்டிக் செடான். கூலன்ட் குறைகிறது, வெளியே லீக் இல்லை. கொஞ்ச நாளாகக் கியர் மாறும்போது வண்டி நடுங்குகிறது. இரண்டும் தனித்தனிப் பிரச்சினைதானே? (கோயம்புத்தூர்)

பதில்: வண்டியை ஓட்டாதீர்கள், ஸ்டார்ட்டும் செய்யாதீர்கள். முதலில் கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். டிப்ஸ்டிக் இல்லாத மாடலென்றால் லெவல் பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும். ஆயில் தெளிந்த சிவப்பாக இல்லாமல் ரோஸ்மில்க் மாதிரி கலங்கியிருந்தால் இரண்டும் ஒரே பிரச்சினை.

பல ஆட்டோமேட்டிக்குகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிரவைக்கும் கூலர் ரேடியேட்டர் டேங்க்குக்குள்ளேயேதான் இருக்கும். அதன் சுவர் அரித்தால் இரண்டும் கலக்கும். ஓடும்போது பொதுவாக ஆயிலின் பிரஷர்தான் அதிகம், அதனால் ஆயில் கூலன்டுக்குள் வரும். ரிசர்வ் பாட்டிலில் பிசுக்கு மிதக்கும். அணைத்த பிறகு சூட்டில் நிற்கும்போது கூலன்ட் பக்கம் இன்னும் பிரஷர் இருக்கும், அப்போது அது கியர்பாக்ஸுக்குள் இறங்கும். கிளட்ச் பிளேட்டுகளின் மேலுள்ள உராய்வுத் தாளை ஒட்டியிருக்கும் பசையைக் கூலன்ட் கரைத்துவிடும். நடுக்கம் வந்துவிட்டதால் நல்ல செய்தி சொல்ல முடியவில்லை. ரேடியேட்டரை மாற்றி, டார்க் கன்வெர்ட்டரில் (இன்ஜினுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள ஆயில் நிறைந்த பகுதி) தங்கியதும் வெளியேறும்படி ஆயிலை முழுதாக மாற்றிப் பார்க்கலாம். நடுக்கம் போகாவிட்டால் கியர்பாக்ஸ் ஓவர்ஹால்தான். வண்டியின் இன்றைய விலையை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதே வகை கூலர் இருந்து இன்னும் கோளாறு வராதவர்கள், பத்து வயதுக்கு மேல் ரேடியேட்டரை முன்கூட்டியே மாற்றினால் பெருஞ்செலவு மிச்சம்.

கேள்வி: ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டால் லீக் நிற்குமா? (தஞ்சாவூர்)

பதில்: நிற்கும். ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களும் சேர்ந்து அடைத்து நிற்கும். நடுராத்திரியில் வழியில் மாட்டிக்கொண்டவருக்கான வைத்தியம் அது.

கேள்வி: சார், பழைய ஆட்டோமேட்டிக். எப்போதாவது மூன்றாம் கியரிலேயே நின்றுவிடுகிறது. அணைத்து ஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. (திருச்சி)

பதில்: அது கியர்பாக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் முறை, ஏதோ ஒரு சிக்னல் பிசகியதும் ஒரே கியரில் பூட்டிக்கொள்கிறது. சோலினாய்டுக்கு (கியர் மாற்றும் மின் வால்வு) செலவழிக்கும் முன் பேட்டரி வோல்டேஜையும், பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும் எர்த் ஒயரையும் பாருங்கள். துருப்பிடித்த எர்த் இந்த வேலையைச் செய்யும். அப்புறம் ஸ்பீடு சென்சார் கனெக்டர். அதுவும் சுத்தமாக இருந்தால், பேட்டரியைக் கழற்றி எர்ரர் கோடை அழித்துவிடாமல் ஸ்கேனர் போட்டு எந்தக் கோடு என்று சொல்லுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.