புத்த பிக்குகள் அசைவம் சாப்பிடலாமா? தியானத்துக்குச் சைவம் அவசியமா?

கொல்லாமையைப் போதித்த மதத்தில் பிக்குகள் கறி சாப்பிடுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கை, தாய்லாந்து, பர்மாவில் உள்ள தேரவாத பௌத்த மரபில் தடை கறிக்கு இல்லை, கொலைக்குத்தான். பிக்கு சமைப்பதில்லை, பாத்திரத்தோடு வீட்டு வாசலில் நிற்கிறார். விழுவது வெறும் சோறானாலும் மீன்குழம்பானாலும் அதுதான் சாப்பாடு, அதுவும் நண்பகலுக்குள். ஆனால் தனக்காகவே கொன்றதைக் கண்டாலோ, கேள்விப்பட்டாலோ, சந்தேகப்பட்டாலோகூடத் தொடக்கூடாது. மஜ்ஜிம நிகாயம் என்ற பாலி நூலில் புத்தர் ஜீவகர் என்ற மருத்துவரிடம் சொல்லும் விதி இது. யானை, குதிரை, நாய், பாம்பு உட்பட 10 வகை இறைச்சி எப்படியும் ஆகாது. மீனும் கறியும் அறவே கூடாதென்று விதி போடச் சொன்னவர் புத்தரின் உறவினரும் சீடருமான தேவதத்தர், புத்தர் மறுத்துவிட்டார். (பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும்.)

சீனாவில் கதை வேறு. லங்காவதார சூத்திரம் என்ற பௌத்த நூல் புலால் உண்பதைக் கடுமையாகச் சாடுகிறது. 6ஆம் நூற்றாண்டில் லியாங் வம்சப் பேரரசர் வூ, துறவிகளுக்கு இறைச்சியைத் தடை செய்தார். அங்குள்ள மடங்களில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. காமத்தையும் கோபத்தையும் கிளப்பும் என்று நம்பிக்கை.

திபெத்தின் குளிர் மேட்டில் காய்கறி விளைவது அரிது. பார்லி மாவும் யாக் என்ற மலைமாட்டின் இறைச்சியும்தான். தலாய் லாமா 1960களில் சைவத்துக்கு மாறி, மஞ்சள் காமாலை வந்தபின் மருத்துவர் சொல்லிக் கறிக்குத் திரும்பினார். அதற்காகச் சைவத்தால் காமாலை வரும் என்று எண்ணவேண்டாம். அது கல்லீரல் சமாச்சாரம். சைவத்தில் கவனிக்கவேண்டியது பி12 வைட்டமின். பால், தயிர் சேர்ப்பவர்களுக்கே சிலசமயம் குறையும். அதையும் விட்டவர்கள் மாத்திரை எடுத்தே ஆகவேண்டும்.

தியானத்துக்கு? என்னைக் கேட்டால், வயிறு முட்டச் சாம்பார் சாதம் சாப்பிட்டு உட்கார்ந்தாலும் தூக்கம்தான் வரும்.