மழை, புயல் நேரத்தில் பள்ளி விடுமுறை எப்படி முடிவாகிறது? பாதி நாளில் வானிலை மோசமானால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லதா?

பெரும்பாலும் நல்லதில்லை. காலையிலேயே விடுமுறை விட்டால் பிரச்சினை இல்லை. பிள்ளைகள் வந்தபின் உறுதியான கட்டடத்துக்குள் வைத்துக்கொண்டாலும் பெரிய பிரச்சினை இல்லை. சிக்கலெல்லாம் பதினோரு மணிவாக்கில் வானம் இருட்டியதும் பதறிப்போய் "சீக்கிரம் அனுப்பிவிடலாம்" என்று மணியடிப்பதில்தான்.

2014 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் அட்லாண்டாவில் பெய்த பனி ஏழு சென்டிமீட்டர்கூட இல்லை. ஆனால் பள்ளிகளும் அலுவலகங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எல்லோரையும் வெளியே விட்டதால் சாலைகள் அடைத்துக்கொண்டன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பள்ளியிலேயே இரவைக் கழித்தார்கள். சிலர் பஸ்ஸிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

நடுவில் அனுப்புவதென்றால் முதலில் ஒரு கணக்குப் போட வேண்டும். உதாரணத்துக்கு, இரண்டு நடை அடிக்கும் பஸ் என்று வைத்துக்கொள்வோம். அறிவித்து, வரிசைப்படுத்தி, ஏற்ற 30 நிமிடம். முதல் நடை 50. பஸ் திரும்பி வர 40. இரண்டாம் நடை 50. மொத்தம் 170 நிமிடம். மழையில் போக்குவரத்து ஊர்ந்தால் ஒன்றரை மடங்கு, அதாவது நாலேகால் மணி நேரம். புயல் இரண்டு மணிக்கு வரும் என்றால் 9.45-க்குள் முடிவெடுத்திருக்க வேண்டும். அந்த நேரம் தாண்டிவிட்டால் வாசலைப் பூட்டி உள்ளேயே வைத்துக்கொள்வதுதான் சரி. பெற்றோர் வேலையில் இருக்க, ஆறு வயதுப் பிள்ளை பூட்டிய வீட்டின் முன் நனைந்துகொண்டு நிற்கும் நிலையையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலை விடுமுறை வானத்தைப் பார்த்து முடிவாவதில்லை, பஸ் தடத்தைப் பார்த்துத்தான் முடிவாகிறது. எச்சரிக்கை உறுதியாக இருந்தால் முந்தின இரவே அறிவித்துவிடலாம். இழுபறியாக இருந்தால் விடிகாலை நான்கு மணிக்கு யாராவது தடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். ஓட்டுநர்கள் வீட்டை விட்டுக் கிளம்புமுன், ஐந்து மணிக்குள், முடிவு வர வேண்டும். முடிவெடுப்பவர் ஒருவர், அவர் தொலைபேசியில் கிடைக்காவிட்டால் எடுப்பவர் இன்னொருவர் என்று பெயர் குறித்து வைத்திருக்க வேண்டும். குழு கூடிப் பேசினால் ஏழு மணியாகிவிடும். முதலில் நீர் தேங்கும் தரைப்பாலம், சுரங்கப்பாதை, ஓடையோரச் சாலை எவை என்ற பட்டியல் மழைக்காலத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். அதோடு இன்னும் மூன்று கேள்விகள்: ஆசிரியர்களில் எத்தனை பேரால் வர முடியும், மின்சாரம் இருக்கிறதா, கழிப்பறைக்குத் தண்ணீர் ஏறுமா. கட்டடம் கல்லுப்போல நின்றாலும் கழிப்பறையில் தண்ணீர் இல்லையென்றால் அன்று பள்ளி நடத்த முடியாது.

நீர் ஓடும் சாலையைப் பற்றி ஓட்டுநரிடம் பேச்சே வேண்டாம். திரும்பி வா என்பதுதான் விதி. வேகமாக ஓடும் 15 சென்டிமீட்டர் நீர் பெரியவரையே கீழே தள்ளிவிடும். 30 சென்டிமீட்டரில் சிறிய கார்கள் மிதக்கத் தொடங்கும், 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துக்கொண்டு போகும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். நேற்று இதே ஆழத்தில் கடந்தோமே என்ற அனுபவம் இன்று உதவாது. கலங்கல் நீருக்கடியில் சாலை அரித்துப் போயிருப்பதும் மேலிருந்து தெரியாது.

பெற்றோருக்குப் போகும் செய்தியில் பெரும்பாலான பள்ளிகள் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. "நாளை பள்ளி விடுமுறை" என்று அனுப்பினால் அது வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி மறுநாளும் வந்து சேரும். தேதி, கிழமை, எந்த வகுப்புகள், பஸ் உண்டா இல்லையா, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு என்ற ஐந்தும் செய்தியில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். அது இருந்தால் அலுவலகத் தொலைபேசி ஓயாமல் அடிக்காது. நெரிசலில் அழைப்பு போகாதபோதும் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு அதிகம், அதனால் வாட்ஸ்அப்பை மட்டும் நம்ப வேண்டாம்.

இனி உள்ளே வைத்துக்கொள்ளும்போது என்ன செய்வது என்று பார்க்கலாம்.

மின்னலுக்கு விதி எளிது. மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மைதானத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. இடி கேட்டாலே உள்ளே போவது இன்னும் நல்லது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே விட வேண்டும். இந்த அரை மணிதான் பலருக்கும் பொறுக்காது: மழை நின்றுவிட்டது, ஆட்டம் பாதியில் நிற்கிறது என்று பத்தாவது நிமிடத்தில் இறங்கிவிடுவார்கள். மழை பெய்யும் இடத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் விழும். சைக்கிள் நிறுத்தும் தகரக் கொட்டகை, மரத்தடி, திறந்த வராண்டா மூன்றும் பாதுகாப்பான இடங்கள் அல்ல. கண்ணாடி ஏற்றிய, இரும்புக் கூரையுள்ள பஸ் பாதுகாப்பானது. மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்காது. மூச்சும் நாடியும் இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

காற்று வேறு மாதிரி. பெரிய கூட்ட அரங்கு, உள்விளையாட்டரங்கு, சாப்பாட்டுக்கூடம் இவற்றில்தான் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைக்கத் தோன்றும். ஆனால் நடுவில் தூண் இல்லாத அகலக் கூரைதான் முதலில் போகும். தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத உள்ளறைகளே மேல். நடைக்கூடம் என்றாலே பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். 2007 மார்ச் 1 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் என்டர்பிரைஸ் நகர உயர்நிலைப் பள்ளியில் சுழல்காற்றின்போது இறந்த எட்டு மாணவர்களும் நடைக்கூடத்தில் இருந்தவர்கள். இரு முனையிலும் வெளிக்கதவு உள்ள நடைக்கூடத்தில் கதவு பிய்ந்தால் காற்று குழாய்போல் பாயும். எந்த அறை தாங்கும் என்பதைக் கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லி, சுவரில் குறியிட்டிருக்க வேண்டும். காற்றழுத்தம் சமமாகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைப்பது வெறும் நம்பிக்கை. திறந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கத்தான் உதவும்.

ஒவ்வொரு வகுப்பிலும் பெயர்ப்பட்டியல் காகிதத்தில் இருக்க வேண்டும். மின்சாரமும் நெட்வொர்க்கும் போனால் கணினிப் பதிவேடு கிடைக்காது. டார்ச், விசில், முதலுதவிப் பெட்டி, தலைக்கு ஒரு லிட்டராவது குடிநீர் வேண்டும். ஆஸ்துமா இன்ஹேலர், இன்சுலின் தேவைப்படும் பிள்ளைகள் யார் யார், மருந்து எங்கே இருக்கிறது என்பது வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருந்து அலுவலக அலமாரியில் இருந்து, அதன் சாவி அன்று வேலைக்கு வராத எழுத்தரிடம் இருந்தால் பயனில்லை.

பெற்றோர் அழைத்துப் போக வரும்போது ஒரு வாசலில் கேட்டு, வேறொரு வாசலில் ஒப்படைக்க வேண்டும். ஒரே வாசல் என்றால் கூட்டம் உள்ளே நெருக்கும், கணக்கு தப்பும். யாரிடம் ஒப்படைக்கலாம் என்ற பட்டியலில் பெயர் இல்லாதவரோடு, அவர் தெரிந்த முகமாகவே இருந்தாலும், பெற்றோரிடம் கேட்காமல் பிள்ளையை அனுப்பக் கூடாது. கையெழுத்தும் நேரமும் குறிக்காமல் ஒரு பிள்ளையை விட்டாலும், மாலையில் அந்த ஒருவனைத் தேடிக்கொண்டு பள்ளி முழுக்க அலைய வேண்டியிருக்கும்.

மீண்டும் திறக்குமுன் சுற்றுச்சுவரைப் பாருங்கள். நாள்கணக்கில் ஊறிய சுவர் மழை நின்றபிறகும் விழும். சாய்ந்திருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ சுவரின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குக் கயிறு கட்டித் தடுக்க வேண்டும். நனைந்த மெயின் சுவிட்ச் பலகையை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் போடக் கூடாது. வெள்ளநீர் புகுந்த தொட்டியைக் கழுவி, குளோரின் கலந்து, அரை மணி நேரம் கழித்துக் குழாய் நீரைச் சோதித்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் காட்ட வேண்டும். மைதானத்தில் அறுந்து கிடக்கும் கம்பி எதுவானாலும், மின்வாரியம் சொல்லும்வரை அதில் மின்சாரம் இருப்பதாகவே நினைத்துப் பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.