பேலன்ஸ் ஏறுகிறது, ஈக்விட்டி என்ன சொல்கிறது?

ஃபாரெக்ஸ் (அந்நியச் செலாவணி வர்த்தக) கணக்குகளை எடை போடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: ட்ரேடுகளை அப்படியே காப்பி செய்யலாம் என்று நான் நினைக்கும் ஒருவரின் கணக்கில் பேலன்ஸ் கோடு ஏணி மாதிரி ஏறுகிறது. ஆறு மாதத்தில் 20% லாபம். ஸ்டேட்மென்ட்டில் டிராடவுன் (உச்சத்திலிருந்து இறங்கிய அளவு) 4% தான். நம்பலாமா சார்?

பதில்: ஈக்விட்டியைப் பார்க்காமல் நம்பாதீர்கள். பேலன்ஸில் மூடிய ட்ரேடுகள் மட்டுமே வரும். திறந்திருக்கும் ட்ரேடுகளின் லாப நஷ்டத்தையும் சேர்த்தால்தான் அது ஈக்விட்டி. லாபத்தை உடனே மூடி, நஷ்டத்தை மூடாமல் விட்டுவைத்தால் யாருடைய பேலன்ஸும் ஏறத்தான் செய்யும். மெட்டாட்ரேடர் 4 என்ற ட்ரேடிங் மென்பொருளின் ஸ்டேட்மென்ட்டில் நீங்கள் பார்க்கும் டிராடவுன் மூடிய ட்ரேடுகளை வைத்துப் போட்ட கணக்கு.

10,000 டாலரில் தொடங்கிய ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஈக்விட்டி 11,600 வரை போகிறது. அப்புறம் பேலன்ஸ் 11,500 இருக்கும்போது, திறந்த ட்ரேடுகளில் 4,200 நஷ்டம் நிற்கிறது. அப்போது ஈக்விட்டி 7,300. உச்சத்திலிருந்து 37% சரிவு! பிறகு விலை திரும்பி, எல்லாம் லாபத்தில் மூடப்பட்டு, பேலன்ஸ் 12,000 ஆகிறது. பேலன்ஸ் கோட்டில் அந்த 37% பட்ட தடமே இருக்காது. அதே ட்ரேடுகளை இன்னும் பெரிய லாட்டில் (ட்ரேடின் அளவில்) காப்பி செய்தவர் பாதி வழியிலேயே ஸ்டாப் அவுட் ஆகியிருக்கலாம், அதாவது புரோக்கரே அவர் ட்ரேடுகளைக் கட்டாயமாக மூடியிருக்கலாம். புரோக்கர் ஸ்டாப் அவுட் செய்வது ஈக்விட்டிக்கும் மார்ஜினுக்கும் (திறந்த ட்ரேடுகளுக்காகப் பிடித்து வைக்கும் பணம்) உள்ள விகிதத்தைப் பார்த்துத்தான்.

ட்ரேடு வரலாற்றையும் திறந்து பாருங்கள். நஷ்டம் கூடக் கூட லாட் அளவும் இரட்டிப்பாகிக்கொண்டே போனால் அது மார்டிங்கேல். அந்தக் கணக்கை நான் தொடவே மாட்டேன், லாபம் எவ்வளவு காட்டினாலும் சரி.

கேள்வி: மூடாத நஷ்டம் நஷ்டமே இல்லை என்கிறார்களே?

பதில்: இந்த நொடி எல்லாவற்றையும் மூடினால் உங்கள் கைக்கு வருவது ஈக்விட்டிதான். நானும் ஒரு காலத்தில் அப்படி நம்பி, ஒரு ட்ரேடை மாதக்கணக்கில் சுமந்தேன். விலை நான் வாங்கிய இடத்துக்கே திரும்பியது. ஆனால் அதற்குள் ஒவ்வொரு இரவும் ஸ்வாப் (ட்ரேடை மறுநாளைக்கு வைத்திருப்பதற்கான வட்டிக் கட்டணம்) கழிந்துகொண்டே இருந்ததால் நஷ்டத்தில்தான் வெளியே வந்தேன்.

கேள்வி: சரிவின் நடுவில் பணம் போட்டால் டிராடவுனை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: நல்ல கேள்வி. பலர் ஏமாறுவது இங்கேதான். 10,000 டாலர் 6,000 ஆகிவிட்டது, அதாவது 40% சரிவு. அன்று இன்னொரு 10,000 போட்டால் ஈக்விட்டி 16,000. வரைபடம் புது உச்சம் காட்டும்!

மியூச்சுவல் ஃபண்ட் யூனிட் போல நினைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் 100 யூனிட், ஒன்று 100 டாலர். சரிவுக்குப் பின் யூனிட் விலை 60. புதிய 10,000-க்குச் சுமார் 166.67 யூனிட் கிடைக்கும், ஆனால் விலை 60 தான். ஆக 40% சரிவு அப்படியே நிற்கும். பணம் எடுத்தாலும் இதே முறைதான். யூனிட் எண்ணிக்கை குறையும், விலை மாறாது.

கேள்வி: தினமும் சந்தை முடியும்போது ஈக்விட்டியைக் குறித்து வைக்கிறேன். போதுமா?

பதில்: போதாது. பகலில் 15% இறங்கி மாலைக்குள் மீண்டது உங்கள் நோட்டில் வராது. திறந்த ட்ரேடு இருக்கும் நேரமெல்லாம், சில நிமிடங்களுக்கு ஒருமுறையாவது ஈக்விட்டியைப் பதிவு செய்யும் கருவி வேண்டும்.

கேள்வி: எத்தனை சதவீத டிராடவுன் வரை ஏற்கலாம்?

பதில்: 20% இழந்தால் மீள 25% சம்பாதிக்க வேண்டும், 50% இழந்தால் 100%. என் எல்லை 20%. ஆண்டு லாபத்தை அதிகபட்ச ஈக்விட்டி டிராடவுனால் வகுத்தும் பாருங்கள். 30% லாபத்துக்கு 40% சரிவு என்றால் எனக்கு அது வேண்டாம். பழைய உச்சத்தை மீண்டும் தொட எத்தனை மாதம் ஆனது என்பதும் முக்கியம்.

கேள்வி: இதுவரை அதிகபட்ச டிராடவுன் 12%. அதற்கு மேல் போகாது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. 2015 ஜனவரி 15 அன்று, ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று 2011 முதல் காத்துவந்த எல்லையை சுவிஸ் மத்திய வங்கி திடீரெனக் கைவிட்டது. விலை சில நிமிடங்களில் பாய்ந்து இறங்கியதில், ஸ்டாப் லாஸ் (குறித்த விலையில் நஷ்டத்தை நிறுத்தும் ஆர்டர்) போட்டிருந்தவர்களின் ட்ரேடுகளும் குறித்த விலையிலிருந்து வெகு தூரம் தள்ளித்தான் மூடின. சிலருடைய ஈக்விட்டி பூஜ்யத்துக்கும் கீழே போனது. முந்தின நாள் வரை அந்தக் கணக்குகளில் பலவும் அமைதியாகத்தான் இருந்திருக்கும்.