குப்பை வண்டி வராத வாரத்தில்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம், நான்கு பேர். புயல் மழைக்குப் பிறகு ஒரு வாரமாகக் குப்பை வண்டி வரவில்லை. பையில் இறுக்கிக் கட்டி வைத்ததெல்லாம் நாறி, புழு வைத்துவிட்டது. மீன் கழிவு வேறு. என்ன செய்யலாம்?

பதில்: இறுக்கிக் கட்டியதால்தான் இந்த நாற்றம். ஈரக் கழிவு காற்றில்லாமல் அழுகும். காற்றும் காய்ந்த பொருளும் சேர்ந்தால் மக்கும்.

20 லிட்டர் பெயின்ட் வாளி இரண்டு எடுங்கள். சுற்றிலும் நான்கு விரல் இடைவெளியில் சூடான ஆணியால் ஓட்டை போடுங்கள், அடியில் ஐந்தாறு. செங்கல் மேல் தூக்கி வைத்து, கீழே ஒரு பழைய தட்டு. மழையில் காய்ந்த சருகு கிடைக்காது. நர்சரியில் விற்கும் 5 கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டியை வாங்கி, நனைக்காமல் உதிர்த்துக்கொள்ளுங்கள். மரப்பட்டறைத் தூளும் ஆகும். அடியில் நான்கு விரல் கனம் பரப்பிவிட்டு, ஒரு கிண்ணம் காய்கறிக் கழிவுக்கு ஒரு கிண்ணம் தூள் போடுங்கள். சோறு, குழம்பு மிச்சம் என்றால் இரண்டு. இரண்டு நாளுக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. நாறினால் தூள் போதவில்லை. எறும்பு ஏறினால் காய்ந்துவிட்டது, கொஞ்சம் புளித்த மோர் தெளியுங்கள். புழு கெடுதல் செய்யாது. பார்க்கச் சகிக்கவில்லை என்றால் மேலே இரண்டு அங்குலம் தூள் மூடுங்கள். ஏற்கெனவே நாறும் பைகளைக் கையுறையோடு பிரித்து, பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு, இரண்டு பங்கு தூள் கலந்து இரண்டாவது வாளியில் கொட்டுங்கள்.

வாளிக்குள் ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம். மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். தரையில் போடலாம், ஆனால் கழிப்பறை கழுவும் ஆசிட் அதன்மேல் படவே கூடாது. விஷவாயு கிளம்பும்.

கடலூரில் இருந்துகொண்டு மீனை நிறுத்தச் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? குழி தோண்டிப் புதைக்க இது நேரமில்லை. மழைக்காலத்தில் கரையோர மணலில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும், கிணற்றில் கலக்கும். மீன் அமிலமாக்கிவிடுங்கள். செதில், குடல், தலை எவ்வளவோ அதே எடை நாட்டுச் சர்க்கரை சேர்த்துப் பிசைந்து, பிளாஸ்டிக் டப்பாவில் கால் பங்கு இடம் விட்டு மூடி, நிழலில் வையுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், வாயு சேர்ந்து வெடிக்கலாம். மூன்று வாரத்தில் பழவாடை வரும். வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி கலந்து செடிக்குத் தெளிக்கலாம்.

பிளாஸ்டிக்கை அலசிக் காயவைத்துச் சாக்கில் போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும், கொளுத்தாதீர்கள். நாப்கின், டயப்பரை மட்டும் செய்தித்தாளில் சுற்றி, சிவப்புக் குறியிட்ட தனிப் பையில், எலி எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். வண்டி வந்ததும் முதலில் போகவேண்டியது அந்தப் பைதான்.