சாரல் நேரத்தில் சின்னப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகலாமா?

கேட்டவர் தென்காசிக்கு மாற்றலாகி வந்திருக்கிறார். 3 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஜூன் பிறந்ததிலிருந்து விட்டு விட்டுச் சாரல், பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே கிடந்து ஒருவரையொருவர் பிறாண்டிக்கொள்கிறார்கள், வெளியே விட்டால் சளி பிடிக்கும் என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள், என்ன செய்யலாம் என்கிறார்.

தாராளமாகக் கூட்டிப் போங்கள். இதே ஊரில் பிள்ளை வளர்க்கிறேன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன், சின்னப் பிள்ளைகள் நனைவதற்கு இதைவிட நல்ல மழை கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று பெருமழையை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டிவிடுகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மிச்சம் மீதிதான் நமக்குத் தூறலாக வருகிறது. இடி மின்னல் குறைவு. கொஞ்ச நேரம் நனைக்கும், உடனே வெயில் எட்டிப் பார்க்கும்.

ஆனால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நேரே அருவிக்கு ஓடாதீர்கள். குற்றாலம் பக்கத்திலேயே இருப்பதால் எல்லாருக்கும் முதலில் அதுதான் தோன்றும். 3 வயதுப் பிள்ளைக்கு அங்கே இருப்பது கூட்டமும் இரைச்சலும் பாசி வழுக்கும்தான். அதோடு, மலை மேலே பெய்யும் மழை கீழே குளிப்பவருக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. அருவியைத் தள்ளி நின்று காட்டுங்கள், போதும்.

இந்த வயதுக்குத் தெருமுனையே பெரிய ஊர். வாய்க்கால் ஓரத்தில் சேம்பு நிற்கும். அதன் இலையில் சாரல் விழுவதைப் பிள்ளையைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் இலையில் ஒட்டவே ஒட்டாது. சின்னச் சின்ன முத்தாகத் திரண்டு உருளும், இரண்டு முத்து தொட்டுக்கொண்டால் ஒன்றாகும், இலையைச் சாய்த்தால் நடுக்குழிக்கு ஓடி வந்து நிற்கும். இலையின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் அவற்றின் மேல் மெழுகுப் பூச்சும் இருப்பதுதான் காரணம். 5 வயதுக்காரருக்கு அதைச் சொல்லலாம். 3 வயதுக்கு விளக்கம் வேண்டாம், இலையை ஆட்ட விட்டால் போதும், அங்கேயே நின்றுவிடும். தண்டை ஒடித்து வாயில் வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சாறு பட்டால் கடுமையாக அரிக்கும். சுவரோரம் ரயில் பூச்சி போகும், நத்தை ஏறும். ரயில் பூச்சியைக் குச்சியால் மெல்லத் தொட்டால் சுருண்டுகொள்ளும். கையில் எடுத்தால் கண்ணைக் கசக்குமுன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இதையெல்லாம் பார்த்து முடிப்பதற்குள் நீங்கள் அடுத்த வீட்டு வாசலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டீர்கள். அவசரப்படுத்தாதீர்கள். மழையில் பிள்ளையோடு போவதில் பெரியவர்கள் செய்ய வேண்டிய ஒரே கடினமான வேலை அதுதான்.

5 வயதுக்காரருக்கு இன்னொரு வேலையும் கொடுக்கலாம். அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமாக இருக்கும் கண்ணாடி டம்ளரை, மரமோ கூரையோ மறைக்காத இடத்தில், காற்றில் சாயாதபடி வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு ஸ்கேலால் தண்ணீரின் உயரத்தை அளந்து சுவர்க் காலண்டரில் எழுதட்டும். வானிலைத் துறையும் அந்த நேரத்துக்குத்தான் கணக்கெடுக்கிறது. நாளெல்லாம் ஈரமாக இருந்த அன்றும் சில மில்லிமீட்டர்தான் சேர்ந்திருக்கும். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. எட்டினால்தான் அவர்கள் கணக்கில் அது கனமழை. பெரியவர்களுக்கும் அந்த டம்ளரைக் காட்டுங்கள், பயம் கொஞ்சம் குறையும்.

சளி விஷயம். சளிக்குக் காரணம் வைரஸ், மழைத்தண்ணீர் அல்ல. ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லாரும் ஒரே அறையில் இருக்கும்போதுதான் அது சுலபமாகப் பரவும். அதற்காகப் பெரியவர்களின் பேச்சைத் தள்ளிவிடவும் கூடாது. ஈர உடம்பில் நம் ஊர்க் காற்று அடித்தால் சின்னப் பிள்ளையின் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். பருத்திச் சட்டை தண்ணீரைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். விளையாட்டு ஜெர்சித் துணி சீக்கிரம் காயும், மேலே மழைக்கோட்டு. குடை வேண்டாம், காற்று அதைப் பிடுங்கும், பிள்ளைக்கும் இரண்டு கையும் வேண்டும். உடம்பு நடுங்கினால், உதடு வெளுத்தால், வாயாடுகிற பிள்ளை சட்டென்று பேச்சை நிறுத்தினால் வீட்டுக்குத் திரும்புங்கள். வாசலிலேயே ஈரத்துணியைக் கழற்றி, தலையைத் துவட்டி, சூடாக ரசஞ்சோறு கொடுத்தால் தூக்கம் தானாக வரும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளையாக இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செருப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பின்வார் உள்ள செருப்பாக இருக்கட்டும். தெருவில் தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கலாம். காலில் சிராய்ப்பு இருந்தால் அதன் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும். குதித்து விளையாட ஆசைப்பட்டால் உங்கள் முற்றத்தில் அப்போது பெய்து நிற்கும் தண்ணீரே போதும், அதையும் அன்றைக்கே வடித்துவிடுங்கள், டெங்குக் கொசு அப்படித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மின்கம்பத்தையும் அதன் இழுவைக் கம்பியையும் தொடக் கூடாது என்பதைப் பிள்ளைக்கு மனப்பாடம் ஆகும்வரை சொல்லுங்கள்.

இவ்வளவும் சாரலுக்குத்தான் சொன்னேன். அக்டோபர் பிறந்து வடகிழக்குப் பருவமழை இடியோடு வரும்போது இது எடுபடாது. சென்னை, கடலூர் பக்கத்தில் இருந்து படிப்பவர்களுக்கும் இதே பேச்சுதான். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே பிள்ளைகளை உள்ளே கூட்டி வந்துவிடுங்கள், மரத்தடியிலோ மொட்டை மாடியிலோ நிற்க வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகு மறுபடியும் வெளியே விடலாம். அதுவரை காகிதக் கப்பல் செய்து வைத்திருங்கள்.