பெற்றோரும் ஆசிரியரும் தரும் மதிப்பெண்கள் ஒத்துப்போகாதபோது

பிள்ளைகளின் உணர்ச்சி, நடத்தைச் சிக்கல்கள் பற்றிய உங்கள் ஆய்வேட்டில், பெற்றோர் நிரப்பிய வினாத்தாளுக்கும் ஆசிரியர் நிரப்பிய வினாத்தாளுக்கும் இடையே ஒட்டுறவுக் கெழு (இரு மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண்; 1-ஐ நெருங்கினால் ஒற்றுமை அதிகம்) 0.25 மட்டுமே வந்திருப்பதால் தரவைக் கைவிடலாமா என்று கேட்டீர்கள். கைவிட வேண்டியதில்லை. இத்துறையில் அது வழக்கமான அளவுதான். உளவியலாளர் அக்கன்பாக்கும் சக ஆய்வாளர்களும் 1987-இல் 119 ஆய்வுகளைத் தொகுத்தபோது, பெற்றோர், ஆசிரியர் போன்று பிள்ளையைப் பற்றித் தகவல் தரும் வெவ்வேறு வகையினருக்கு இடையிலான கெழுவின் சராசரி ஏறத்தாழ 0.28 ஆகவே இருந்தது.

முதன்மைக் காரணம், இருவரும் ஒரே பிள்ளையை வெவ்வேறு சூழல்களில் காண்பதே. வகுப்பில் அடங்கியிருக்கும் பிள்ளையின் பதற்றம், இரவில் அப்பிள்ளையுடன் உறங்கும் தாய்க்குத் தெரியும் அளவுக்கு ஆசிரியருக்குத் தெரிவதில்லை. ஆகவே துடிப்பு மிகுதி, நடத்தைச் சிக்கல் ஆகியவற்றைவிட உணர்ச்சிச் சிக்கல்களில் கருத்து வேறுபாடு பொதுவாக அதிகம்.

இருப்பினும் ஒன்றைச் சரிபாருங்கள். நீங்கள் பயன்படுத்தும் எஸ்டிகியூ (பிள்ளைகளின் பலங்களையும் சிக்கல்களையும் அளவிடும் SDQ) வினாத்தாளின் 25 கூற்றுகளில் 7, 11, 14, 21, 25 ஆகியவை நல்ல இயல்பைக் குறிப்பதால் அவற்றுக்குத் தலைகீழாக மதிப்பெண் இட வேண்டும்; பிறர்நல நடத்தைக்கான ஐந்து கூற்றுகளை மொத்தச் சிக்கல் மதிப்பெண்ணில் சேர்க்கக் கூடாது. இவற்றில் பிழை நேர்ந்திருந்தால் கெழு செயற்கையாகக் குறைந்திருக்கலாம். திருத்திய பின், உணர்ச்சி, நடத்தை, துடிப்பு மிகுதி என வினாத்தாளின் உட்பிரிவு வாரியாகக் கெழுவைத் தனித்தனியே கணக்கிடுங்கள்.

இரு மதிப்பெண்களையும் கூட்டிச் சராசரியாக்குவதை நான் ஏற்கமாட்டேன். அந்த வேறுபாடே ஆய்வுக்குரிய தகவல். மேலும், இவ்வினாத்தாள் நோயறிதல் அன்று: எடுத்துக்காட்டாக, கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு என்று சொல்ல, 12 வயதுக்கு முன்பே பல அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும், அவை குறைந்தது இரண்டு சூழல்களில் தென்பட வேண்டும், பயிற்சி பெற்ற மருத்துவரோ உளவியலாளரோ நேரில் ஆராய்ந்திருக்கவும் வேண்டும். அதிக மதிப்பெண் பெற்ற பிள்ளைகளை ஆய்வேட்டில் 'நோயாளிகள்' என்று எழுதிவிடாதீர்கள்.