அட்டிக்கில் எத்தனை அங்குலப் பஞ்சு போதும்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1990களில் கட்டிய இரண்டு மாடி வீடு. மதியம் மூன்று மணிக்கு மேல் மாடி அறைகளில் இருக்க முடிவதில்லை, ஏசி ஓய்வில்லாமல் ஓடுகிறது. கூரைக்கும் மேல் மாடி அறைகளுக்கும் நடுவே உள்ள 1,500 சதுர அடி அட்டிக்கில் 5 அங்குலம் பழைய ஃபைபர்கிளாஸ் பஞ்சு இருக்கிறது. பார்க்க வந்த கான்ட்ராக்டர் மெஷின் வைத்துப் பஞ்சை ஆர்-60 வரை (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு) ஊதிவிடலாம் என்கிறார். அவ்வளவு தேவையா?
– வாசகர், கேட்டி, டெக்ஸஸ்

பதில்: தேவையில்லை. கணக்குப் போட்டால் உங்களுக்கே தெரிந்துவிடும். கோடை மதியத்தில் அட்டிக் 130 டிகிரி ஃபாரன்ஹீட் சுலபமாகத் தொடும். கீழே அறை 78 டிகிரி. வித்தியாசம் 52. பரப்பை இந்த வித்தியாசத்தால் பெருக்கி, ஆர் மதிப்பால் வகுத்தால், அறையின் உட்கூரை வழியாக மணிக்கு எத்தனை பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் இறங்குகிறது என்று வரும். பழைய பஞ்சு அங்குலத்துக்கு ஆர்-2.5 என்று வைத்தால் உங்களிடம் இப்போது இருப்பது சுமார் ஆர்-13. அதாவது 6,000 பிடியு, அரை டன் ஏசியின் வேலை. ஆர்-38 ஆக்கினால் அது 2,050 ஆகக் குறைகிறது. ஆர்-49இல் 1,590. ஆர்-60இல் 1,300. கடைசிப் படியில் மிச்சமாகும் வெப்பம் பழைய 100 வாட் குண்டு பல்பு வெளியிடுவதைவிடக் குறைவு. ஹூஸ்டன் பகுதிக்கு ஆர்-38 நல்ல இலக்கு. 2021ஆம் ஆண்டின் எரிசக்திக் கட்டட விதி புது வீடுகளுக்கு ஆர்-49 கேட்கிறது. மெஷின் எப்படியும் வருகிறது என்றால் அதுவரை போகலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஆர்-38 கச்சிதமாகப் போட்டு, 75 சதுர அடி மட்டும் மூடாமல் வெறும் டிரைவாலாக (உட்கூரையின் ஜிப்சம் பலகை) விட்டுவிட்டால், அதாவது பரப்பில் 5 சதவீதம்தான், இறங்கும் மொத்த வெப்பம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். மடக்கு ஏணிக் கதவு 8 சதுர அடிதான். அதன் பிளைவுட் பலகையின் ஆர் மதிப்பு 1 அளவில் இருப்பதால், அது ஒன்றே மொத்தத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டிவிடும். ஆகவே கான்ட்ராக்டரிடம் உயரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் விடுபடும் இடங்களைப் பற்றிப் பேசுங்கள். ஏணிக் கதவுக்கு என்ன செய்வார், ஏசி பெட்டி உட்கார்ந்திருக்கும் பலகைக்கு அடியில் என்ன செய்வார் என்று கேளுங்கள். பதிலிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: ஊதுவதற்கு முன் அட்டிக்கில் என்னென்ன வேலை முடிந்திருக்க வேண்டும்?
– வாசகி, பிளேனோ, டெக்ஸஸ்

பதில்: முதலில் ஓட்டைகள். பஞ்சு வெப்பம் கடத்துவதைக் குறைக்குமே தவிர, காற்றைத் தடுக்காது. பழைய பஞ்சை விலக்கிப் பார்த்தால் சில இடங்களில் அது கறுத்திருக்கும். வடிகட்டி போல அதன் வழியே காற்று போய்வந்து தூசு படிந்த அடையாளம் அது, அதற்கு நேர் கீழே ஓட்டை இருக்கும். சுவரின் தலைக்கட்டையும் டிரைவாலும் சேரும் கோடு, மின்கம்பிகளும் பைப்புகளும் இறங்கும் துளைகள், குளியலறை ஃபேன் பெட்டியைச் சுற்றி, சமையலறை அலமாரிக்கு மேலே இறக்கிக் கட்டிய பெட்டிகளின் திறந்த வாய் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். கால் அங்குலத்துக்குக் குறைந்த விரிசலுக்கு கால்க் (பிதுக்கி அடைக்கும் பசை) போதும். அதற்கு மேல் டப்பாவில் வரும் ஃபோம். கை நுழையும் அளவு திறப்பு என்றால் ஃபோம் பலகை வெட்டி வைத்து ஓரத்தை ஃபோமால் அடையுங்கள்.

கேஸ் வாட்டர் ஹீட்டர், ஃபர்னஸ் ஆகியவற்றின் புகைக்குழாய் அருகே ஃபோம் கூடவே கூடாது. தகரத்தை வட்டமாக வெட்டிப் பொருத்தி, தீ தாங்கும் சீலன்ட் வையுங்கள். இரட்டைச் சுவர் பி-வென்ட் குழாயாக இருந்தால் எரியும் பொருளிலிருந்து 1 அங்குலம் இடைவெளி வேண்டும். தேவையான இடைவெளி குழாயின் மேலேயே அச்சிட்டிருக்கும். பஞ்சு சரியாமல் இருக்கத் தகரத்தாலேயே ஒரு வளையம் கட்டுங்கள். புகைபோக்கி வழியே தானாகப் புகை வெளியேறும் பழைய வகை வாட்டர் ஹீட்டர் வீட்டுக்குள் இருந்தால், ஓட்டைகளை அடைத்த பிறகு புகை உள்ளே திரும்பாமல் போகிறதா என்று ஒரு டெக்னீஷியனை வைத்துச் சோதித்தே ஆக வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

அறையின் உட்கூரையில் பதித்த கேன் விளக்குகளில் ‘ஐசி’ என்று எழுதியிருந்தால் அவற்றின் மேல் பஞ்சு படலாம். எழுதாதவற்றைச் சுற்றி 3 அங்குலம் விட வேண்டும், அங்கே மூடாத பள்ளம் உண்டாகும். ஐசி வகை எல்இடி பொருத்தி மாற்றிவிடுவதே மேல். குளியலறை ஃபேனின் குழாய் அட்டிக்கிலேயே வாய் திறந்து கிடந்தால், அதைக் கூரைக்கு வெளியே கொண்டுபோய் விடுங்கள். பஞ்சுக்கு அடியில் போய்விட்டால் பிறகு ஈரம் தெரியும்போதுதான் அது நினைவுக்கு வரும்.

அடுத்து ஓரங்கள். சாஃபிட்டில் (வெளியே நீளும் கூரை விளிம்பின் அடிப்பக்கம்) காற்றுத்துளை உள்ள ஒவ்வொரு சட்ட இடைவெளியிலும் பேஃபிள் (காற்று போகும் வழியைத் திறந்து வைக்கும் தகடு) அடியுங்கள். கூரைப் பலகைக்கும் பஞ்சுக்கும் நடுவே குறைந்தது 1 அங்குலம் காற்று போக வழி இருக்க வேண்டும், பேஃபிளின் தலை ஊதப்போகும் உயரத்துக்கு மேல் நிற்க வேண்டும். இதை விட்டால் பஞ்சு துளையை அடைத்துவிடும், அல்லது அங்கே வரும் காற்று பஞ்சை உள்பக்கம் தள்ளி ஓரத்தைக் காலியாக்கும். அறைகளின் வெளிச்சுவர் ஓரம் மட்டும் சூடாக இருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஏறும் வழியைச் சுற்றிப் பிளைவுட்டால் 16 முதல் 18 அங்குல உயர வேலி, கதவின் மேல் இரண்டு அடுக்கு 2 அங்குலப் பாலிஐசோ ஃபோம் பலகை, ஓரத்தில் ரப்பர் பட்டை. மடக்கு ஏணி என்றால் மேலே கவிழ்க்கும் பெட்டி.

ஏசி பெட்டிக்குக் கீழே இருக்கும் அவசரத் தண்ணீர்த் தட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் பஞ்சு பறந்து விழுந்தால் வடிகுழாய் அடைத்து, ஒரு நாள் உட்கூரை நனைந்து டிரைவால் தொங்கும். ஊதும்போது தட்டைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

பழைய பஞ்சு காய்ந்தும் எலிக் கழிவு இல்லாமலும் இருந்தால் எடுக்க வேண்டாம், மேலேயே ஊதலாம். நடுவே பிளாஸ்டிக் விரிக்காதீர்கள். பழைய வீட்டில் பஞ்சுக்குப் பதில் பளபளக்கும் சாம்பல் பழுப்புச் சிறு கூழாங்கற்கள் போல வெர்மிகுலைட் இருந்தால் கையே வைக்க வேண்டாம். மொன்டானா மாநிலம் லிபியின் சுரங்கத்திலிருந்து 1990 வரை வந்த சரக்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. முதலில் சோதனைக்கு அனுப்புங்கள்.

கேள்வி: செல்லுலோஸா, ஃபைபர்கிளாஸா? எத்தனை மூட்டை?
– வாசகர், சுகர் லேண்ட், டெக்ஸஸ்

பதில்: செல்லுலோஸ் என்பது பழைய செய்தித்தாளைப் பொடித்துத் தீ பிடிக்காமலிருக்க போரேட் சேர்த்தது. அங்குலத்துக்கு ஏறத்தாழ ஆர்-3.5, காற்றையும் ஓரளவு தடுக்கும். ஆனால் காலப்போக்கில் தாழும், எடையும் அதிகம். ஃபைபர்கிளாஸ் அங்குலத்துக்கு ஆர்-2.5, அதிகம் தாழாது. முதல் கேள்வியில் உள்ள வீடு போல ஆர்-13 இருந்தால், ஆர்-38 ஆக்க இன்னும் ஆர்-25 சேர்க்க ஃபைபர்கிளாஸ் 10 அங்குலம் வேண்டும், செல்லுலோஸ் 7 அங்குலம்.

எடையைப் பாருங்கள். உங்கள் ஊர் வீடுகளில் பல 24 அங்குல இடைவெளி ட்ரஸ்களில் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டங்கள்) அரை அங்குல டிரைவால் அடித்தவை. அந்தச் சாதாரண டிரைவால் சதுர அடிக்கு 1.3 பவுண்டுக்கு மேல் தாங்கினால் தொய்யும். 7 அங்குலச் செல்லுலோஸ் ஏறக்குறைய 1 பவுண்டு, பழைய பஞ்சையும் சேர்த்தால் எல்லையை நெருங்குகிறது. அதே ஆர்-25க்கு ஃபைபர்கிளாஸ் அரை பவுண்டுக்கும் குறைவு. 24 அங்குல இடைவெளியில் ஆர்-38ஐத் தாண்டுவதானால் ஃபைபர்கிளாஸ் என்பதே எங்கள் முடிவு. 16 அங்குல இடைவெளியில் ஜாய்ஸ்ட் (உட்கூரையைத் தாங்கும் கட்டை) உள்ள வீட்டில் எதுவும் சரி.

1,500 சதுர அடிக்கு, ஃபைபர்கிளாஸ் 30 பவுண்டு மூட்டை என்றால் 20க்குச் சற்று மேல், செல்லுலோஸ் 25 பவுண்டு மூட்டை என்றால் 60 அளவில் வரும். இது தோராயம்தான். பை மேல் அச்சிட்ட அட்டவணையில் 1,000 சதுர அடிக்கு எத்தனை மூட்டை என்று ஒவ்வொரு ஆர் மதிப்புக்கும் போட்டிருப்பார்கள், அதையே பின்பற்றுங்கள்.

கேள்வி: வாடகை மெஷின் எடுத்து நானும் தம்பியும் செய்யலாமா?
– வாசகர், சாண்ட்லர், அரிசோனா

பதில்: செய்யலாம், டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள். கோடையில் காலை எட்டு மணிக்கே உங்கள் ஊர் அட்டிக் ஆபத்து. பெரிய ஹார்டுவேர் கடைகளில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் மூட்டை வாங்கினால் மெஷினை ஒரு நாளுக்கு வாடகையின்றித் தருகிறார்கள். ஒருவர் கீழே மெஷினில் பஞ்சைப் பிய்த்துப் போட, இன்னொருவர் மேலே ஹோஸ் பிடிக்க வேண்டும். பேச போன் கையில் இருக்கட்டும். என்95 மாஸ்க், கண்ணாடி, நீளக்கை சட்டை, தலை விளக்கு கட்டாயம். கால் ஜாய்ஸ்ட் மேல் மட்டுமே, நடுவில் வைத்தால் கீழ் அறைக்குள் வந்துவிடுவீர்கள்.

முதலில் 300 சதுர அடிக்கு ஒன்றாக பஞ்சின் உயரம் காட்டும் அளவு அட்டைகளை, அவற்றின் எண்கள் அட்டிக் வாசலிலிருந்து தெரியும்படி, ஸ்டேப்பிள் அடியுங்கள். தொலைவான மூலையில் தொடங்கி வாசல் பக்கம் வாருங்கள். தம்பி மெஷின் தொட்டியைக் காலியாக விடக் கூடாது. பஞ்சு குறைந்து காற்று கூடினால் உயரம் வந்துவிடும், அடர்த்தி வராது. வேண்டிய உயரம் வந்தும் மூட்டைகள் மிச்சமிருந்தால் மகிழ வேண்டாம், அடர்த்தி குறைவு என்று பொருள். மிச்சத்தையும் ஊதிவிடுங்கள்.

கேள்வி: பஞ்சுக்குள் ஏசி டக்ட்களையும் (குளிர்காற்றுக் குழாய்கள்) புதைத்துவிட்டால் இன்னும் நல்லதுதானே?
– வாசகி, பேர்லாண்ட், டெக்ஸஸ்

பதில்: ஃபீனிக்ஸ் போன்ற வறண்ட ஊரில் நல்லது. உங்கள் ஊர் இருக்கும் மெக்சிகோ வளைகுடாக் கரைப் பகுதியில் கவனம். புதைந்த டக்டின் வெளியுறை அட்டிக் காற்றின் பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கீழே குளிர்ந்துவிடும், பஞ்சு வழியே வரும் ஈரக்காற்று அதன் மேல் வேர்க்கும். ஹூஸ்டன் பகுதி போன்ற ஈரமான வெப்பப் பகுதிகளில் முழுக்கப் புதைப்பதற்கு ஆர்-13 உறையும் நீராவித் தடுப்பும் விதியே கேட்கிறது. சாதாரண ஆர்-8 டக்டை வெளியே தெரியும்படி விடுங்கள். அதற்கு முன் இணைப்புகளைத் துணி டேப்பால் அல்ல, மாஸ்டிக் என்ற கெட்டிப் பசை பூசி அடையுங்கள். மேல் மாடி சூட்டுக்கு ஒழுகும் டக்டே முக்கியக் காரணமாக இருக்கும் வீடுகள் நிறைய.

கேள்வி: சோலார் ஃபேன் அல்லது அலுமினிய ஃபாயில் வைத்தால் இத்தனை பஞ்சு வேண்டாம் என்கிறார்களே?
– வாசகர், ஃபிரிஸ்கோ, டெக்ஸஸ்

பதில்: ஃபேன் வேண்டாம். அது இழுக்கும் காற்றில் ஒரு பங்கு, உட்கூரை ஓட்டைகள் வழியே நீங்கள் காசு கொடுத்துக் குளிரவைத்த அறைக் காற்று. ஃபாயில் உதவும், குறிப்பாக டக்ட் அட்டிக்கில் இருந்தால். அமெரிக்க எரிசக்தித் துறை குளிரூட்டும் செலவில் 5 முதல் 10 சதவீதம் குறையலாம் என்கிறது. கூரைச் சட்டங்களின் அடிப்பக்கம் அடிக்க வேண்டும். பஞ்சின் மேல் விரித்தால் தூசு படிந்து வீணாகும்.

கேள்வி: மதுரையில் பெற்றோர் வீட்டு மொட்டைமாடிக்கு இதே முறை ஆகுமா?
– வாசகி, ஆஸ்டின், டெக்ஸஸ்

பதில்: ஆகாது. கான்கிரீட் தளத்துக்கு மேல் ஊதி நிரப்ப மூடிய, காய்ந்த இடம் இல்லை. தளமே பகலில் வெப்பத்தை வாங்கி இரவில் விடுவதால், தடுப்பு தளத்துக்கு மேலேயே இருக்க வேண்டும்: நீர்க்கசிவு வேலை முடித்து, 50 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் ஃபோம் பலகை, அதன் மேல் கம்பிவலையோடு கலவை, வாட்டம் பார்த்து வெள்ளை டைல்.

கேள்வி: கான்ட்ராக்டர் சொன்ன அளவு போட்டாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், சான் அன்டோனியோ, டெக்ஸஸ்

பதில்: காலிப் பைகளை எடுத்துப்போக விடாமல் எண்ணுங்கள், அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அளவு அட்டைகளை ஏறிப் பாருங்கள், ஓரங்களைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பரப்பு, உயரம், ஆர் மதிப்பு, மூட்டை எண்ணிக்கை எழுதிக் கையெழுத்திட்ட சீட்டைத் தர வேண்டியது அவர் கடமை, அது வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். மத்திய அரசின் 30 சதவீத வரிச்சலுகை 2025 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. இப்போதும் அதைக் கழித்து விலை சொல்பவரை நம்ப வேண்டாம். உங்கள் மின் நிறுவனம் தள்ளுபடி தருகிறதா என்று வேலைக்கு முன்பே கேளுங்கள், பல திட்டங்கள் முன் அனுமதி இல்லாமல் பணம் தருவதில்லை.